மீன்பெட்டி விமானம்

இன்று காலை பஸாரில் பாரைக்குட்டி வாங்க நின்றபோது, மீன்காரர் வெள்ளை நுரைப்பலகையாலான உடைந்த ரெஜிபோம் பெட்டியொன்றை ஓரமாகத் தூக்கி எறிந்தார். ஐஸும் மீனும் கலந்த அந்த வாடை வந்ததுதான் தாமதம், என் கட்டைவிரல்கள் தானாக அசைந்தன. மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பெட்டி ஒரு காலத்தில் எனக்கு இறக்கையாக இருந்தது என்று அவருக்கெப்படித் தெரியும்?

அப்போது நான் போன் திருத்தும் கடையில் சேர்ந்த புதிது. கூட்டாளி நிசார் கட்டாரிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தான். அவனுடைய பயணப் பெட்டிக்குள் உடுப்புகளுக்கிடையே பொம்மை விமானத்துக்கான ஒரு ரிமோட்டும் சின்ன மோட்டாரும். விமானத்தை நாங்களே செய்தோம், மீன்பெட்டியை வெட்டி. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் அது மேலே ஏறினால் காகங்களும் பின்னாலேயே ஏறின.

ஊருக்கு மேற்கே அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல்வெளி, அதாவது எங்கள் வட்டை, அதுதான் ஓடுபாதை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போவோம். நிசார் கையில் ஒழுங்காகப் பறந்த விமானம் என் கைக்கு வந்தால் மண்ணைக் கொத்தும். கடற்கரையில் பட்டம் ஏற்றுவதில் நான் பெரிய ஆள், அந்தத் திமிரும் இருந்தது. பட்டம் தாழ்ந்தால் நூலை இழுக்க வேண்டும் அல்லவா? விமானம் தாழ்ந்ததும் ரிமோட்டின் குச்சியை நெஞ்சுப்பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் ஓடுவேன். அது மூக்கை நிமிர்த்தி, வேகம் செத்து, தொப்பென்று விழும். ஒருநாள் நானும் வாய்க்காலுக்குள் விழுந்தேன்.

"மச்சான், இதுல நூல் இல்ல. இழுக்காத, உட்டுடு. அது தானாப் பறக்கும்," என்பான் நிசார்.

"ஓம், ஓம்," என்பேன். அடுத்த தரமும் இழுப்பேன்.

லீவு முடிய நான்கு நாள் இருந்தது. அதே கிழமையில் வயலுக்குத் தண்ணீர் திறப்பதாக, நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பான வட்டை விதானையும் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு சுற்றாவது தனியாகச் சுற்றி இறக்காமல் விடுவதில்லை என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. கடையில் வேலையில்லாத நேரமெல்லாம் ரிமோட் இருப்பதுபோல வெறும் கையை வைத்து, குச்சியை இழுக்காமல் விரலை எடுக்கப் பழகினேன்.

"என்ன தம்பி, விரல எண்ணித் தஸ்பீஹ் ஓதுறீங்களா?" என்றார் முதலாளி காக்கா.

"ஓம் காக்கா," என்றேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கடைசிப் பின்னேரம் விமானம் ஏறியது, காகங்களும் ஏறின. தூரத்தில் திரும்பும்போது தாழ்ந்தது. இழு, இழு என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. விரலை எடுத்தேன். விமானம் இன்னும் கொஞ்சம் சரிந்து, வேகம் பிடித்து, தானாக நிமிர்ந்தது. முழுச் சுற்று சுற்றிவந்து நெல் தாள்களில் உரசி நின்றது. அன்றிருந்த சந்தோஷம் என் கலியாணத்தன்று இருந்ததா என்று கேட்காதீர்கள், மனைவி வாசிப்பாள்.

பிறகு அந்த வட்டையில் பாதியை மண் போட்டு நிரப்பி, வீடு கட்ட வளவு வளவாக விற்றார்கள். முந்திக்கொண்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். போன லீவில் வந்த நிசார் என் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டான்.

"அண்டைக்கு நீ எங்கடா இறக்கின?"

குசினிக்குக் கூட்டிப்போய் காஸ் அடுப்பு நிற்கும் இடத்தைக் காட்டினேன். இருவரும் ஜன்னலால் வெளியே பார்த்தோம். பக்கத்து வீட்டு மதில், அதற்கப்பால் இன்னொரு மதில்.

"இனி ஏத்துறெண்டா எங்க மச்சான் ஏத்துற?" என்றான்.

வளவு வாங்கியவன் நான்தானே, அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.