ஹோர்சன்ஸ் நூலகத்தில் கேட்ட பிரெஞ்சு இசை

யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியையும் மகளையும் டென்மார்க்குக்கு அழைக்க விண்ணப்பித்து இரண்டாவது குளிர்காலம் அது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருக்கிறார்கள் என்று கதை அடிபட்டது. ஹோர்சன்ஸ் நகரத்தில் தொழிற்சாலை வேலை முடிந்ததும் அறைக்குப் போக மனம் வராது. சைக்கிளை நேரே நூலகத்துக்கு விடுவேன். டேனிஷ் பத்திரிகைகளில் ‘தமிழர்’ என்ற சொல்லைத் தேடுவேன். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த செய்தி என்றால் அது எந்த ஊர் என்று போட்டிருக்க மாட்டார்கள்.

ஒருநாள் அங்கே வேலை செய்த பெண் பக்கத்தில் வந்து நின்றார்.

“நீங்கள் வாசிக்கவில்லை, தாளைத்தான் புரட்டுகிறீர்கள். மேலே இசைப் பிரிவு இருக்கிறது. வாருங்கள்.”

ஒரு நாற்காலியில் இருத்தி, ஹெட்போனைத் தந்து, இசைத்தட்டை வைத்தார். பழைய பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியதாம், தனக்குப் பிடித்ததாம்.

என் விரல்கள் தொடையில் தாளம் தேடின. அகப்படவில்லை. ஒரு மெட்டைப் பிடித்துவிட்டேன் என்று நினைப்பதற்குள் அது கரைந்து வேறொன்றாகிவிடும். எரிச்சல் வந்தது. பாதியில் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆனால் அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும். புல்லாங்குழல் எங்கே நுழைகிறது, வயலின்கள் எங்கே மெல்லச் சலசலக்கின்றன என்று காது பழகியது. எங்கும் போய்ச் சேராமல் அசைந்துகொண்டே இருந்த அந்த இசை, அப்போதைய என் நிலைமைக்குப் பொருந்தியது. அமைதி தந்தது என்று சொல்லமாட்டேன். இருக்க முடியாமல் எழும்பி நிற்பேன். வயர் இழுபடும். அந்தப் பெண் சிரித்துவிட்டு நீளமான வயர் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். பிறகு கசெட்டிலும் பதிந்து தந்தார்.

ஒருவழியாக மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நான் தனியே கண்டெடுத்ததை மனைவிக்குக் காட்ட எனக்கு அவசரம். முதல் ஞாயிற்றுக்கிழமையே கசெட்டைப் போட்டேன். பெரிய மேளத்தின் ஒலி தூரத்தில் உருளுகிற இடம் வந்தது. குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவள் ஓடிவந்து, மகளை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே குந்திவிட்டாள்.

“நிப்பாட்டுங்கோ! பிளேன் வருகுது!”

“பிளேன் இல்லையப்பா, இது மியூசிக்.”

சத்தத்தை நிறுத்திய பிறகும் அவள் உடனே வெளியே வரவில்லை.

“இதையோ நீங்கள் இஞ்சை இருந்து ஆசையாக் கேட்டனீங்கள்?” என்றாள்.

கசெட்டை அலுமாரிக்குள் வைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, அதே இசையை ஓர் இசைக்குழு ஊர் மண்டபத்தில் வாசிக்கப்போவதாக நூலகத்துப் பெண் சொன்னார். வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“நானும் வாறன்,” என்றாள் மனைவி. “எது அந்தச் சத்தத்தைப் போடுதெண்டு ஒருக்காப் பாக்கோணும்.”

மண்டபத்தில் மகள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். மனைவி வயலின்காரர்களைப் பார்க்கவே இல்லை. கடைசி வரிசையில், பெரிய மேளங்களுக்குப் பின்னால், கண்ணாடி போட்ட ஒரு மெல்லிய பெண் நின்றாள். அவள் அடிக்கடி குனிந்து மேளத்தின் தோலோடு காதை வைத்துச் சுருதி பார்த்தாள். அந்த இடம் நெருங்க நெருங்க மனைவியின் நகங்கள் என் கையில் பதிந்தன. மேளம் உருண்டது. மனைவி குனியவில்லை. கண்ணை எடுக்கவுமில்லை.

வெளியே காற்று முகத்தில் அடித்தது.

“பயமாயிருந்ததோ?” என்று கேட்டேன்.

“ஓம். ஆனா அந்தப் பொம்பிளை தடியைத் தூக்கேக்கையே எனக்குத் தெரிஞ்சிட்டுது, இப்ப அடிக்கப்போறா எண்டு. அங்கை குண்டு போடேக்கை எங்களுக்கு ஆர் முதல்லை சொன்னது?”

அடுத்த ஞாயிறு கசெட்டை அவளே எடுத்துத் தந்தாள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. சிலநாள் அந்த இடம் வரும்போது “இருக்கட்டும்” என்பாள். சிலநாள் “நிப்பாட்டுங்கோ” என்பாள். எந்த நாள் எதுவென்று எனக்குத் தெரியாது. நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.