கிராம் வீட்டுத் தராசு

என் தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் எங்கள் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது. ‘கிராம்’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். தராசு ரிப்பேர்க்காரர். மீன் மார்க்கெட், பழைய இரும்புக் கடை, தபால் ஆபீஸ், எங்கே தராசு மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கடையில் பூட்டு, சாவி பார்க்கிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறோம். அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. திட்டவும் இருக்கிறது.

மனிதர் படுத்தி எடுப்பார். எடைக்கல்லை வெறும் கையால் தொடமாட்டார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் பெட்டியையே திறப்பார். ஒருநாள் தெரியாத்தனமாக நான் ஒரு கல்லைக் கையில் எடுத்துவிட்டேன்.

“மச்சான், வேர்வை பட்டா எடை கூடும்.”

“எவ்ளோ மாப்ள கூடிடும்?”

“கூடும்.”

அவ்வளவுதான். சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தராசைக் கொஞ்சம் ‘பார்த்துச்’ செய்யச் சொன்ன மீன் வியாபாரியிடம் பதில்கூடப் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். பிழைக்கத் தெரியாத ஆள் என்று என் தங்கச்சியிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் ஆயுளில் ஒரே ஒரு தராசில் பொய் வைத்தார். அதுவும் சொந்த வீட்டில்.

அவர் மகள் மல்யுத்தக்காரி. ஐம்பத்து மூன்று கிலோப் பிரிவு. போட்டியன்று காலை எடை அதைத் தாண்டினால், ஒரே ஒரு கிராம் தாண்டினாலும், மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் அந்த விளிம்பில் போய் மாட்டக்கூடாதென்று வீட்டுத் தராசை இருநூறு கிராம் கூடுதலாகக் காட்டும்படி வைத்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பெண் மட்டும் லேசுப்பட்டவளா? பதினைந்து வயதில், அப்பா வெளியே போன நேரமாகப் பார்த்து, அவர் கையுறையையே மாட்டிக்கொண்டு பத்து கிலோக் கல்லை அந்தத் தராசில் வைத்திருக்கிறாள். பத்து கிலோ இருநூறு என்று காட்டியிருக்கிறது. கேட்டால் அப்பா மனசு நோகுமாம், அவளும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து தராசு காட்டுவதில் இருநூறைக் கழித்துக்கொண்டாள். நாலு வருஷம் அப்பனும் மகளும் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறார்கள்.

போன வருஷம் இளையோர் உலகப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. பெண் தேர்வாகியிருந்தாள். எடை பார்க்கும் தராசுகளைச் சோதிக்க ஆள் தேடியவர்கள் நேராக கிராமிடம் வந்தார்கள். “என் பொண்ணு ஆடுறா, வேற ஆளப் பாருங்க” என்றார். வேறு ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு நடுவர் நிற்பார் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

கையெழுத்துப் போட்ட கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பொய்த் தராசைச் சரிசெய்தார். மகளிடம் சொன்னால் நாலு வருஷத்துப் பொய்யையும் சொல்ல வேண்டும், நாக்கு எழவில்லை. உண்மை எடையைக் காட்டினால் ஒரு கெடுதலும் வராது என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் காலை தராசு ஐம்பத்து மூன்று கிலோ நூறு காட்டியது. பெண் பழக்கப்படி இருநூறைக் கழித்தாள். ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அரங்கத்தில் எடை பார்க்க அரைமணி நேரம்தான். அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். முதல் ஆளாக ஏறினாள். ஐம்பத்து மூன்று கிலோ நூற்றைம்பது.

அவளுடைய கோச் கிராமிடம் வந்தார்.

“அண்ணே, தராசை ஒருவாட்டி நல்லாப் பாருங்களேன். நேத்து தூக்கிட்டு வந்ததுல அசைஞ்சிருக்கலாம் இல்லையா?”

கேட்டவிதம் எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. தராசு தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடை பார்ப்பதே நின்றுவிடும். பெண்ணுக்கு நேரம் கிடைக்கும். கிராம் கையுறையை மாட்டினார். இருபது கிலோக் கல் இரண்டு, பத்து கிலோக் கல் ஒன்று. ஐம்பது கிலோ, அதற்குமேல் மூன்று சைபர்.

“தராசு சரியா இருக்கு” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆளை அங்கேயே அறையலாம் போலிருந்தது. பெண் அப்பா முகத்தையே பார்த்தாள்.

“வீட்ல எப்படிப்பா தப்பா வந்துச்சு?”

“தப்பா வரலம்மா. நேத்து சாயங்காலம் அதைச் சரிபண்ணிட்டேன்.”

“என்கிட்டச் சொல்லலையே.”

“உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதே.”

அதற்குமேல் பேச நேரமில்லை. இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. கோச்சின் மழைக்கோட்டையும் என் ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஓட ஆரம்பித்தாள். மூன்று மாடி, ஏற்றமும் இறக்கமும். துணைக்கு நானும் ஓடினேன். இரண்டாவது மாடியில் எனக்கு மூச்சு வாங்கியது. “உட்காருங்க மாமா, நீங்க இளைச்சு யாருக்கு என்ன லாபம்” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். அந்த நேரத்திலும் வாய் குறையவில்லை.

கிராம் மட்டும் தராசை விட்டு நகரவில்லை. நகரக்கூடாது, அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. மகள் படியில் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மற்ற நாட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறு நிமிஷம் இருக்கும்போது வந்து ஏறினாள். இருபது கிராம் கூடுதல். மறுபடி ஓடினாள். ஒரு நிமிஷம் இருக்கும்போது, முகத்தையும் கழுத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு ஏறினாள். ஐம்பத்து மூன்று. மூன்று சைபர். நடுவர் எழுதிக்கொண்டார். கிராம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

இரண்டு நாள் ஆட்டம். அரையிறுதியில் தோற்றாள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிராளி இவளைவிட ஒரு தலை உயரம். கடைசிப் பன்னிரண்டு விநாடி இருக்கும்போது ஒரு புள்ளி பின்தங்கியிருந்தவள், குனிந்து காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டாள், இரண்டு புள்ளி. நான் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். எங்கள் வீட்டுப் பெண், உலகத்தில் மூன்றாவது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பதக்கம் வாங்கியதும் கோச்சைத் தாண்டி, என்னைத் தாண்டி, அழுதுகொண்டிருந்த அம்மாவையும் தாண்டி, எடை அறைக்குப் போனாள். கிராம் கற்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பதக்கத்தை நீட்டினாள். கையுறையோடு கையை நீட்டினார்.

“அதைக் கழட்டுங்கப்பா.”

“வேர்வை படும்மா. எடை கூடும்.”

அவளே கையுறையை உருவிவிட்டு, பதக்கத்தை அவர் வெறும் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“கூடட்டும்ப்பா.”