ஆறாம் நாள் வெயில்

பக்கத்து வீட்டு வளவில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு இரும்புக் கப்பி. உடுப்புக் காயப்போடும் கயிற்றை இழுத்தால் அது கீச்சென்று கத்தும். குசினிக்குள் நிற்கிற எனக்கு, இன்றைக்கு வெயில் என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நான் பின்கதவைத் திறந்ததும் அந்த வீட்டு இத்தாலிய அம்மா, சினோரா, கையிலிருந்த கிளிப்பை வானத்துக்கு உயர்த்தி, "கே பெல்லா ஜோர்னாட்டா" என்பா. எவ்வளவு அழகான நாள் என்று இத்தாலியரின் சொல்.

பார்க்டேல் அப்பார்ட்மென்ற்றை விட்டு இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய புதினமாக இருந்தது. வெயில் இரண்டு பேரின் தலையிலும்தானே எறிக்கிறது, அதை ஏன் சொல்லவேண்டும்? எங்கட ஆட்கள் கண்டால் "எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்பார்கள். வானத்தைப் பற்றிப் பேசினால், வெக்கை தாங்கேலாது என்று திட்டுவதற்குத்தான். சினோராவோ மெல்லிய காற்று வீசினால்கூட "ஓஜ்ஜி சி ஸ்தா பேனே" என்பா. இன்றைக்கு இருக்கச் சுகமாயிருக்கு என்று அர்த்தமாம். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆகவே பல வருடம் நாங்கள் வெயிலை மட்டுமே பேசி நல்ல சிநேகிதிகளாக இருந்தோம். இவர் என் பின்னால் நின்று, "உந்த இரண்டு வசனத்தோடை இத்தாலிக்கே போகலாம்" என்று பகிடி பண்ணுவார்.

சினோராவின் கணவர் ஒரு வசந்தகாலத்தில் இறந்தார். ஆறாம் நாள் கப்பி கத்தியது. கறுப்பு உடுப்போடு வேலியடியில் நின்று, கிளிப்பை உயர்த்தி, அதே வசனத்தைச் சொன்னா. செத்தவீட்டில் "போயிட்டு வாறன்" என்றுகூடச் சொல்லாத சாதி நாங்கள். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன். முப்பத்தோராம் நாள் கழியட்டும் என்று, அதன்பிறகு பின்கதவையே திறக்கவில்லை. மரியாதை என்றுதான் நினைத்தேன். சில நாளில் கப்பிச் சத்தமும் நின்றுபோனது.

மகள்தான் ஒருநாள் வந்து சொன்னாள். "அம்மா, ஷீ இஸ் சோ சாட். உங்களுக்குத் தன்னிலை கோவமோ எண்டு கேக்கிறா. அங்கிள்தான் ஒவ்வொரு நாளும் விடிய ஜன்னலைத் திறந்து அந்த வசனத்தைச் சொல்லுறவராம். இப்ப சொல்ல ஆளில்லையாம்."

எனக்கு வெட்கமாகிப் போனது. குடையை எடுத்துக்கொண்டு வேலியடிக்கு ஓடினேன். சினோரா வெளியே வந்ததும், மன்னிப்புக் கேட்கச் சொல் தெரியாமல், கொட்டுகிற மழையில் "கே பெல்லா ஜோர்னாட்டா" என்றேன். அவ வானத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "நோ. புருத்தோ," என்றா. மோசமான நாளாம். பிறகு வேலிக்கு மேலால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா, நானும் அழுதேன்.

இப்போது சினோரா முதியோர் இல்லத்தில். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. போன சித்திரையில் இவரும் போய்விட்டார். வீடு நிறையச் சனம். எல்லோரும் நிலத்தைப் பார்த்தபடி, மெதுவான குரலில் பேசினார்கள். ஆறாம் நாள் விடிய நல்ல வெயில். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு யாராவது சொன்னால் போதும் போலிருந்தது. குசினிக்குப் போய் ஜன்னலைத் திறந்து, வெறுங்கயிறு தொங்கும் அந்தக் கம்பத்தைப் பார்த்து நானே உரக்கச் சொன்னேன்.

"அண்ணிக்கு என்ன நடந்தது?" என்று இவரின் தங்கச்சி பின்னால் யாரிடமோ கேட்டா. காற்றுக்குக் கப்பி ஒருதரம் கீச்சென்றது.