சித்தப்பாவின் மலைநாட்டுச் சைக்கிள் சுற்றுலா

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகளுட் பெரும்பாலானவை பிழையானவை. சித்தப்பா மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளை ஒரே பகலிற் சைக்கிளில் சுற்றிவரத் திட்டமிட்ட கதையும் அவற்றுள் ஒன்று. அதை ஓர் இளைஞனின் விளையாட்டுப் புத்தி என்று சொல்வோருக்கு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். அத்திட்டம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கல்லூரியிற் கற்று ஆசிரியரான என் தகப்பனாரின் மேற்பார்வையில் உருவானது. மேசையருகே நின்று பார்த்தவன் நான். எனக்கு எதுவும் விளங்கவில்லை என்பது வேறு விடயம்.

மன்னாரை அடுத்த பாப்பாமோட்டையில் எங்களுக்கு வயலும் வீடும் மரியாதையும் இருந்தன. சின்னம்மாவின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து ஊரின் ஓரத்திற் குடியேறியவர்கள். அவருடைய தாய் மட்டும் மூத்த மகனோடு மலையிலேயே தங்கிவிட்டார். சித்தப்பா சின்னம்மாவை மணந்தபோது தகப்பனார் கலியாணத்துக்குப் போகவில்லை. தம்பியையும் அவர் மனைவியையும் வீட்டில் வைத்துக்கொண்டார். ஆனால் சின்னம்மாவுடைய ஆட்களின் வாசலுக்கு எங்கள் வீட்டார் எவரும் உறவென்று போகக் கூடாதென ஊரறியச் சொல்லிவிட்டார். ஊரறியச் சொன்னதை அவர் ஒருநாளும் திருப்பி எடுத்ததில்லை.

அந்த ஆண்டு சின்னம்மாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் ஏங்கினார். தாயோ, மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து அழைக்காமல் வரமாட்டார். கடிதம் போட்டு அழைத்தால் அது வேலைக்கு ஆள் பிடித்ததாகிவிடும். இந்த நிலையில்தான் ஒரு மாலை, மடுக் கோயிலுக்குச் சைக்கிளிற் போய் வந்தாலே இரண்டு நாள் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் சித்தப்பா, மலைநாட்டின் அழகைச் சைக்கிளிற் சுற்றிப் பார்க்கப் போவதாக அறிவித்தார். ஹட்டனில் ரயிலால் இறங்கி, பள்ளத்தாக்குகள் வழியாகப் பகல் முழுதும் மிதித்து, நானுஓயாவில் மீண்டும் ரயிலேறுவது அவர் எண்ணம்.

ஏன் என்று தகப்பனார் கேட்கவில்லை. எதற்கும் ஏன் என்று கேட்பவர் அவர்.

"காத்து எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டார்.

மன்னாரிற் சைக்கிள் ஓடுபவர் எவரும் அதைத்தான் கேட்பர். சோளகக் காற்றுக் காலத்தில், கடலுக்கு நடுவே போகும் தாம்போதிப் பாதையைக் கடந்தவருக்கு இதன் நியாயம் தெரியும். எங்களுக்கு ஏற்றமும் காற்றுத்தான், இறக்கமும் காற்றுத்தான். ஆகவே தகப்பனார் ஹட்டனுக்கு ஒரு தேநீர்க் குவளையையும் நானுஓயாவுக்கு மற்றொன்றையும் மேசையில் வைத்து, காலையில் முதுகுக்காற்று, மதியம் ஓய்வு, பிற்பகலிற் பக்கக்காற்று என வகுத்தார். மேசை சமதளமாக இருந்தது. அவருடைய மலைநாடும் அவ்வாறே இருந்தது. பயிற்சிக்காகச் சித்தப்பா, என்னை முன்பாரிலும் ஒரு மூட்டை நெல்லைப் பின்னாலும் ஏற்றி, எதிர்க்காற்றில் தாம்போதியைக் கடந்தார். இறங்கியதும் முழங்காலைத் தடவத் தொடங்கினார்.

கடைசியாக ஐயமொன்று எழுந்தது. தகப்பனார் சின்னம்மாவுடன் நேரிற் பேசுவதில்லை. நான்கடி தூரத்தில், குசினி வாசலிற் சின்னம்மா நின்றாலும் பேச்சு என் வழியாகவே போய்வரும்.

"டேய், பாதையிலை மேடு இருக்கோ எண்டு கேள்."

"மேடெல்லாம் பெருசா இல்லன்னு சொல்லு கண்ணு. ரோடு கொஞ்சம் வளைஞ்சு வளைஞ்சு போகும், அவ்வளவுதான்."

எனக்குத் திகைப்பாக இருந்தது. முதல்நாள்தான் அரிசி புடைத்துக்கொண்டே அவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தார்.

"பொய்! அங்கை நாங்கள் சைக்கிளிலை ஏறுறேல்லையாம், சைக்கிள்தான் எங்களிலை ஏறுமாம். நேற்றுச் சொன்னவா!"

அம்மாவின் அகப்பை சட்டியிலேயே நின்றது. தம்பியை அப்படியொரு பாதையில் அனுப்பத் தகப்பனார் சம்மதிக்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். பயணம் நின்றால் அழைப்பும் நின்றுவிடும். சின்னம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

தகப்பனார் குவளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஏற்றம் எவ்விடத்திலை எண்டு கேள்," என்றார்.

"எங்க தோட்டத்துக்குத் திரும்புற எடத்துல," என்றார் சின்னம்மா, எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

தகப்பனார் சீனிப் போத்தலை எடுத்து, இரு குவளைகளுக்கும் நடுவே, பாதையை விட்டுச் சற்று விலக்கி வைத்தார்.

"அப்ப அவ்விடத்திலை மூண்டு மணித்தியாலம் நிக்கவேணும். காத்து அடங்கட்டும்."

"நிண்டால் ரயிலைப் பிடிக்கேலாது அப்பா," என்றேன். கணக்கில் நான் கெட்டிக்காரன்.

"ஏன், அடுத்த நாள் ரயில் ஓடாதோ?" என்றவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "வேட்டி சால்வை கொண்டு போ. கால்சட்டையோடை அங்கை நிக்காதை."

"ஓம் அண்ணை," என்றார் சித்தப்பா. ஏனோ அவர் நிமிரவில்லை. அம்மா சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். ஒரே பகலிற் சுற்றுவதுதான் சவால் என்று மூன்று வாரமாகப் பேசியவர்கள் இப்போது எதற்காக மகிழ்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வேட்டியைப் பற்றி மட்டும் நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். கடற்கரையில் வள்ளங்களுக்குப் பாய் கட்டுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்?

மன்னார் ரயில் நிலையத்தில், தகப்பனாருக்குத் தெரிந்த அரசாங்கக் கந்தோர்க்காரர் ஒருவர் சைக்கிளின் பின்னாற் கட்டியிருந்ததைக் கண்டுவிட்டார்.

"என்ன மாஸ்டர், தம்பியார் சைக்கிள் ஓடப் போறாரோ, மாமியார் வீட்டை போறாரோ? வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்குது!"

தகப்பனாரின் முகம் இறுகியது. நான் முந்திக்கொண்டேன்: "அது பாய், மாமா. மலையிலை காத்தடிக்கேக்கை சைக்கிளிலை கட்டுறதுக்கு."

கந்தோர்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும் பொறுக்காத தகப்பனார், "ஓம், அதுக்குத்தான்," என்றார்.

சின்னம்மாவின் தாய் பிள்ளைப் பேற்றுக்கு வந்து சேர்ந்தார். மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். அதற்குமேல் அயலாருக்குச் சொல்ல எதுவுமில்லை. எனக்கு நினைவில் நிற்பது, ரயில் போனபின் தகப்பனாரின் சைக்கிளில், அவருக்குப் பின்னால் இருந்து தாம்போதியைக் கடந்த அந்த மாலைதான்.

"மலைக் காத்துக்கு நாலு முழம் காணுமோ அப்பா?"

அவர் சிறிது தூரம் மிதித்தார்.

"நாலு முழம் மரியாதையில்லை. என்ரை எட்டு முழத்தைத்தான் குடுத்து விட்டனான்."

பாய்க்கு எதற்கு மரியாதை என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீடு வரும்வரையும் விடை கிடைக்கவில்லை.