முந்தானையில் ஒரு சாமந்தி

அக்காவுக்கு முதல் புடவை கொடுத்தது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை; மாடிவீட்டு வங்காளி அம்மாள். சித்தி முறை வைத்து அவரைக் காக்கிமா என்போம். லேக் மார்க்கெட் பக்கத்து வீட்டில் மாடியில் அவர், கீழே நாங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா பையை எறிந்துவிட்டு மேலே ஓடிவிடுவாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அங்கேயே ஆயிற்று என்பாள். காக்கிமா வைக்கிற பருப்பு மாதிரி நம் வீட்டில் வராது என்று வேறு சொல்வாள்.

அந்த வருஷம் துர்கா பூஜைக்காகக் காக்கிமா கோடை முழுக்க உட்கார்ந்து, சந்தன நிறப் பட்டில் அக்காவுக்குக் காந்தா வேலை செய்தார். காந்தா என்றால் பிரமாதமில்லை, வெறும் ஓட்டுத்தையல்தான். அதிலேயே தாமரை பூத்தது, சங்குப்பூ கொடியோடியது. இதழோரத்தில் அடர்சிவப்பாகத் தொடங்கிய நூல் உள்ளே போகப் போக வெளிறி ரோஸாகியது. கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்குக் கரியாஹாட் கடைத்தெருவின் நடைபாதையில் வாங்கிய கவுன். வயிறு பற்றி எரிந்தது.

மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் புதுத்துணி உடுத்துவதில்லை. உள்முனையில் கடுகளவு வைப்பது அம்மாவின் வழக்கம். அஷ்டமி காலையில் குழைத்த மஞ்சளில் விரலை நன்றாக முக்கி, முந்தானையின் நடுவில், இரண்டு தாமரைகளுக்கிடையே வைத்துவிட்டாள். ஈரம் பட்டில் அகலமாகப் பரவியது. கை தவறிவிட்டது என்றாள். அக்கா அழுதாள். பொறாமைக்கு மருந்தில்லை என்பார்கள். எனக்கு அன்று கிடைத்தது.

அது அரைமணி கூட நிலைக்கவில்லை. காக்கிமா ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் மஞ்சள் நூலைக் கோத்துக் கறையின் மேலேயே ஒரு சாமந்தியை மலர்த்திவிட்டார். துர்கைக்குப் பூப்போடும் அஞ்சலிக்குப் போன இடத்தில் பந்தலே அந்த ஒரு பூவைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. தாமரையை யாரும் சீந்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கவுனைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினேன்.

"எனக்கும் நடுவுல மஞ்சள் வெச்சு விடும்மா. காக்கிமா பூ போட்டுத் தருவாங்க."

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கேட்கக் கூடாததை என்ன கேட்டுவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் வயிறெரிந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.