பிலோமினம்மாளின் கட்டத்தாள்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் பிலோமினம்மாளைப் போல ஒரு சந்தேகப் பிராணியைத் தேடினாலும் கிடைக்காது. தேக்கா சந்தையில் மீன் வாங்கினால், பக்கத்துக் கடைத் தராசிலும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஆஸ்பத்திரியில் மூளையை ஸ்கேன் எடுக்கும் வேலை வாய்த்தது. கடவுளுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

தலையில் அடிபட்டு வருகிறவரின் மூளையை அந்த மிஷின் ரொட்டித் துண்டுகளைப் போல அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும். ஒவ்வொரு படத்திலும் இரத்தம் கட்டிய இடத்தைச் சுற்றித் திரையில் கோடு இழுக்க வேண்டும். அடுக்கின் தடிமனையும் தட்டிக் கொடுத்தால், மொத்த இரத்தம் எத்தனை மில்லி என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அந்த வசதி வருவதற்கு முன்பு, படத்தின்மேல் கட்டம் போட்ட மெல்லிய தாளை விரித்து, ஒவ்வொரு கட்டமாக எண்ணி, தடிமனால் பெருக்கிக் கணக்குப் போட்டவள் பிலோமினம்மாள். வந்த பிறகும் எண்ணினாள்.

“கார் வாங்கிட்டு நடந்தே போறீங்களே லா,” என்று கேலி செய்வார் கூட வேலை பார்த்த மாணிக்கம்.

“கால் நல்லாத்தானே இருக்கு,” என்பாள் அவள்.

1984ஆம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஜூரோங் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்த சேதுபதி என்ற வெல்டரைக் கொண்டுவந்தார்கள். ஆள் நன்றாகப் பேசினார். குடிக்கப் பால் இல்லாத தேநீர், தே-ஓ கூடக் கேட்டார். பிலோமினம்மாள் படம் எடுத்துக் கோடு இழுத்தாள். பத்தொன்பது மில்லி என்றது கம்ப்யூட்டர்.

டாக்டர் எட்மண்ட் படத்தை உற்றுப் பார்த்தார். “பார்த்தா பெருசாத்தான் தெரியுது. நம்பர் சின்னதா இருக்கே. சரி, வார்டுல வச்சுக் கவனிப்போம்.” முப்பது மில்லியைத் தாண்டினால்தான் அவர் மண்டையைத் திறப்பார். வெளியே காத்திருந்த மனைவி ரத்தினம்மா, ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதும் கும்பிட்டாள்.

பிலோமினம்மாள் வழக்கம்போலக் கட்டத்தாளை விரித்தாள். கணக்கு முப்பத்தெட்டு என்று வந்தது. மறுபடி எண்ணினாள். அதே முப்பத்தெட்டு. சரியாக இரண்டு மடங்கு. திரையைப் பார்த்தாள். தடிமன் ஐந்து மில்லிமீட்டர் என்று இருந்தது. அவள் சேதுபதிக்கு எடுத்ததோ பத்து. அதற்கு முன்பு ஒரு குழந்தைக்கு மெல்லிய அடுக்காக எடுத்தபோது தட்டிய ஐந்தை மாற்ற மறந்திருந்தாள். ஊரார் தராசையெல்லாம் சந்தேகப்பட்டவள், தன் விரலைச் சந்தேகப்படவில்லை.

மிஷின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். மிஷினுக்கு வாயா இருக்கிறது? ஆனால் மிஷின் கோளாறு என்றால் ஆளை மறுபடி படுக்கவைத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். அதற்கு நேரம் இல்லை. தாளைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு மாடிப்படியில் ஓடினாள்.

“டாக்டர், தப்பு என்னோடது. தடிமனை மாத்தாம விட்டுட்டேன். இது முப்பத்தெட்டு.”

எட்மண்ட் ஒரு நொடி அவளை முறைத்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். தே-ஓ கேட்ட சேதுபதி இப்போது கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. “ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க, சிஸ்டர்,” என்றார் பக்கத்தில் நின்ற நர்ஸிடம்.

மூன்று மணி நேரம் பிலோமினம்மாள் ரத்தினம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். தன் தவற்றை அவளிடமும் சொன்னாள். ரத்தினம்மா திட்டவில்லை, சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அதுதான் அதிகம் வலித்தது. எட்மண்ட் வெளியே வந்து, “பொழைச்சிட்டார். இன்னும் அரை மணி போயிருந்தா கஷ்டம்,” என்றபோது இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அன்றிலிருந்து அந்த அறையில் கம்ப்யூட்டர் சொன்னதைக் கட்டத்தாளிலும் சரிபார்த்த பிறகே டாக்டரிடம் கொடுத்தார்கள். முதலில் தாளைக் கேட்டு வாங்கியவர் மாணிக்கம்.

மூன்று மாதம் கழித்துச் சேதுபதி, மனைவியோடு தன் காலால் நடந்து ஸ்கேனுக்கு வந்தார். பிலோமினம்மாள் தடிமனை மூன்று முறை சரிபார்த்தாள். இரத்தம் கட்டிக் கோடு இழுக்க ஓரிடமும் இல்லை. இருந்தாலும் தாளை விரித்தாள்.

“எத்தனை வந்துச்சு, அக்கா?” என்று கேட்டாள் ரத்தினம்மா.

“எண்ண ஒரு கட்டம்கூட இல்லம்மா,” என்று சொல்லி, அந்த வெறும் தாளை அவள் கையில் கொடுத்தாள்.