வண்டி எண்ணைச் சுத்தம் செய்தவர்

என் அத்தானுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வருகிற கோபத்தில் கால் பங்கு அவருக்கு இருந்திருந்தால் அந்த அலுவலகத்தில் ஒரு மேஜையையாவது தட்டியிருப்பார். தட்டியும் ஒன்றும் ஆகியிருக்காது, அது வேறு விஷயம். ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தோற்றுப் போனாரே, அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

அவர் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பதினாறு வயதில் ஒரு பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தார். இருபத்தாறில் என் அக்காவைக் கட்டினார், அதே வருஷம் வெளிநாடு போனார். அங்கே பத்தொன்பது வருஷமும் ஒரே பட்டறை. மூடிய அறை, மூக்கில் கவசம், கையில் ஸ்பிரே துப்பாக்கி. நசுங்கின கதவை அவரிடம் விட்டால், நசுங்கினது எந்தக் கதவு என்று வண்டிக்காரனே தேட வேண்டியிருக்கும். பழைய பெயிண்ட் எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் காட்டித்தான் முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாராம்.

விடுமுறைக்கு வந்தால் தலைவலி எங்களுக்குத்தான். நாற்காலிக் காலில் கீறல், கதவுத் தாழ்ப்பாளில் துரு, எதையும் விட மாட்டார். நான் நடுவழியில் நின்று போன வண்டிகளை ஏற்றி வரும் ரெக்கவரி லாரி ஓட்டுகிறேன். அதன் பம்பரில் இருக்கிற சொட்டைகளை எண்ணிக்கொண்டு நிற்பார்.

"லாரின்னா அடி படத்தான் செய்யும் அத்தான்."

"அதுக்காக அப்படியே விட்டுடறதா மாப்ள?" என்று உப்புத்தாளோடு குந்திவிடுவார்.

அக்கா அவருக்கு நேர் எதிர். ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். ஒருநாள் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறியவள் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்காமல் போயிற்று. அத்தானுக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நான்காம் நாள் தாங்க முடியாமல் நான் சொல்லிவிட்டேன். போனில் அத்தான் அழுத சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

முதல் சில மாதங்கள் அவளை அக்கம்பக்கத்து ஆட்கள் மூன்று பேரை வைத்துத் தூக்கி காரில் திணித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது ஒருவர் பிடி நழுவியது. துணி தொடைக்கு மேலே ஏறிக்கொண்டது. மூத்திரப் பை தெருவில் விழுந்து உடைந்தது. வரிசையில் நின்ற ஐம்பது பேரும் பார்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாள்: "இனிமே என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது. செத்தப்புறம் எப்படி வேணா தூக்கிக்கங்க."

சொன்னது சொன்னதுதான். விடுமுறையில் வந்த அத்தான் வழவழப்பான பலகை ஒன்று செய்து கொடுத்தார். கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே அதைப் போட்டுக்கொண்டு, கைகளை ஊன்றி, அவளே நகர்ந்து மாறிக்கொள்வாள். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும், யாரும் கிட்டே போகக் கூடாது. வாசற்படியை உடைத்துச் சரிவு வைத்தார். அதில் கேட் வரைக்கும் வருவாள். கேட்டைத் தாண்டி இரண்டு வருஷம் அவள் போகவில்லை. நர்ஸ் வீட்டுக்கு வந்து முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போவாள்.

அத்தான் திரும்பிப் போய் அந்த இரண்டு வருஷமும் ஒரே வேலையாக இருந்தார். முதியோர் இல்லம் ஒன்று கழித்துக்கட்டிய வேனைப் பிடித்தார். பின்கதவைத் திறந்தால் தகடு ஒன்று சரிவாகத் தரைக்கு இறங்கும். சக்கர நாற்காலியோடு உள்ளே ஏறி, நான்கு கொக்கிகளில் நாற்காலியைப் பூட்டிக்கொண்டு, ஜன்னலோரமாக நிமிர்ந்து உட்கார்ந்து போகலாம். யாரும் தொட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வேனைப் பிரித்துப் பூட்டி, வெளிர் நீலம் அடித்து, வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வேனோடு ஊர் வந்து சேர்ந்தார்.

வந்த அன்றைக்கே அக்கா சரிவில் ஏறி உள்ளே போய் உட்கார்ந்தாள். "எங்க போறோம்?"

"ஒப்புதல் வாங்கணும். அப்புறம்தான் பதிவு, அப்புறம்தான் ரோடு."

"நிக்கிற வண்டியில எனக்கென்ன வேலை?" என்று இறங்கிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல்லி வேனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். இந்த ஊர் சாலைக்கு அது லாயக்கா என்று பார்த்து, ஒவ்வொரு உறுப்புக்கும் சரி போட்டுத் தருவார்கள். ஆறு மாதம் கெடு. அதுவரை சக்கரம் சாலையைத் தொடக் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் என் லாரியில் ஏற்றித்தான் பரிசோதனைக் கொட்டகைக்குக் கொண்டு போனோம். முதல் முறை, முகப்பு விளக்குகள் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கின்றன, அந்த நாட்டில் சாலையின் மறுபக்கம் ஓட்டுகிறார்கள் என்று திருப்பிவிட்டார்கள். விளக்குகளை மாற்றினோம். அடுத்த தேதி ஏழு வாரம் கழித்து. இரண்டாம் முறை, நாற்காலிக் கொக்கிகளைத் தரையில் பூட்டியிருப்பது உறுதியானதுதான் என்று பொறியாளர் சான்று வேண்டும் என்றார்கள். அதற்கு நாயாய் அலைந்து வாங்கினோம். மறுபடி ஏழு வாரம்.

பரிசோதகர் கெட்ட மனிதரில்லை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருப்பார், அதிர்ந்து பேச மாட்டார். இரண்டாம் முறை முன் இருக்கைக்கு அடியில் கம்பளத்தை விலக்கி, வண்டியின் இரும்புச் சட்டத்தில் தயாரித்தவர்கள் அடித்திருக்கும் வண்டி எண்ணைப் பார்த்தார். "துரு ஏறியிருக்கு சார். அடுத்த தடவை வரும்போது கொஞ்சம் சுத்தமா இருக்கட்டும், படிக்க முடியணும்" என்றார்.

யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாம் பரிசோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம், அத்தான் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வேனுக்குள் படுத்தார். டார்ச் பிடித்தது நான். வேறொருவராக இருந்தால் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து நாலு துடைப்புத் துடைத்துவிட்டு எழுந்திருப்பார். இவர் துருவை வேரோடு எடுத்தார். குழி விழுந்த இடங்களில் பூச்சு நிரப்பினார். மூன்று வகை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கடைசியிலிருந்து மூன்றாவது இலக்கத்தைத் துரு பாதி தின்றிருந்தது. எண் எழுதியிருக்கிற வண்டிக் காகிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஊசிமுனை உளியால் அந்த எட்டைத் திரும்ப வெட்டினார். வெட்டி முடித்த பிறகு அதே வெளிர் நீலத்தில் மூன்று கோட்.

"கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு அத்தான்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. லாரி ஓட்டுகிறவன், நூறு வண்டி பார்த்தவன், என் புத்தியும் எங்கேயோ மேயப் போயிருந்தது. எனக்கு இன்றைக்கும் என் மேல்தான் கோபம்.

பரிசோதகர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். கயிற்றில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பெயிண்டின் கனத்தைக் காட்டும் சின்னக் கருவியை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்தார், தள்ளி வைத்தார், மறுபடி வைத்தார். அத்தான் அந்தக் கருவியைப் பத்தொன்பது வருஷம் கையாண்டவர். அது என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் அவர் முகம் வெளுத்தது.

"இதை யாரு பண்ணது?"

"நான்தான் சார். நீங்க சுத்தம் பண்ணச் சொன்னீங்க."

"இந்த எட்டு?"

"அதையும் நான்தான் வெட்டினேன். காகிதத்துல இருக்கற அதே எட்டு சார்."

பரிசோதகர் எழுந்து நின்று கைகளைத் துடைத்துக்கொண்டார். "திருட்டு வண்டியில இப்படித்தான் சார் பண்ணுவாங்க. ஆனா இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்ல" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் படிவத்தில் 'வண்டி எண் மாற்றப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெயிண்ட் கோணலாக, தீற்றலாக இருந்திருந்தால்கூட, யாரோ கைநாட்டு துருவுக்குப் பூசியிருக்கிறான் என்று விட்டிருப்பார்கள். வேலை சுத்தமாக இருந்ததுதான் குற்றமாயிற்று. நான் கத்தினேன். இவர் வீட்டு நிலைமை தெரியுமா, இவரைப் பார்த்தால் திருடன் மாதிரியா இருக்கிறது என்று கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அத்தான் என் தோளைத் தொட்டு, "விடு மாப்ள, அவர் மேல தப்பில்ல" என்றார். எனக்கு அவரையே அறைய வேண்டும் போல இருந்தது.

வேனை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார்கள். திராவகம் போட்டு அவர் பூசினதையெல்லாம் கரைத்து அடியில் பார்த்தார்கள். எண் உண்மையான எண்தான், வண்டி திருட்டு வண்டி இல்லை என்று எழுதியே கொடுத்து வேனையும் திருப்பித் தந்தார்கள். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நாங்கள் குதித்தோம். ஒப்புதல் அலுவலகத்தில் ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "வழக்குப் போட மாட்டாங்க, அதுக்குத்தான் இது. வெட்டின நம்பருக்கு ஒப்புதல் கிடையாது. புது நம்பர் அடிக்கணும்னா வண்டியைத் தயாரிச்சவங்கதான் அடிக்கணும்" என்றாள். தயாரித்தவர்களுக்கு எழுதினோம். அந்த மாடலை நிறுத்திப் பதினொரு வருஷமாகிறது, உதவ இயலாது என்று ஒற்றை வரியில் கை கழுவினார்கள். அதற்குள் கெடு முடிந்தது. முப்பது நாளுக்குள் வண்டியை நொறுக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும், உரிமையாளர் உடன் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அத்தான் உப்புத்தாள்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிக் குப்பையில் போட்டார். அக்காவிடம் அவரே போய்ச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். அவள் ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தோம்.

"அந்த இடம் எவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்டாள்.

"நாப்பது கிலோமீட்டர் இருக்கும்."

"நான் அதுலயே உக்காந்து வரேன்."

"லாரி மேல ஏத்தின வண்டியில ஆள் உக்காரக் கூடாதும்மா. சட்டம் இருக்கு."

"சட்டத்தை நீங்க ஆறு மாசமா மதிச்சாச்சு. அன்னிக்கு ஒரு நாள் நான் மதிக்க மாட்டேன்."

"திரும்பி வரும்போது?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"போறதைப் பத்திப் பேசுடா" என்றாள்.

குறித்த நாளில் வேனை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அவள் நல்ல துணி உடுத்தி, தலைவாரி, தானே சரிவில் ஏறிப் போனாள். அத்தான் நான்கு கொக்கிகளையும் பூட்டி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். லாரியின் பின்தட்டைச் சாய்த்து, கம்பி வடத்தால் வேனை அங்குலம் அங்குலமாக மேலே இழுத்தேன். அத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தெருவில் போகிறவர்களின் தலைக்கு மேலே அவள் போனாள். போனில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாலம் புதுசாடா, அந்த மரத்தை ஏன் வெட்டிட்டாங்க, என் ஆபீசுக்கு எவன்டா இந்தப் பச்சை அடிச்சது, உங்க அத்தானைக் கூப்பிடாமலா அடிச்சான்? அத்தான் சிரிப்பது கேட்டது. ஒரு சிக்னலில் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியை ஜன்னலில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் சுத்திப் போடா" என்றாள். சுற்றினேன். ஏரிக்கரை வழியாக, மார்க்கெட் வழியாக, நாற்பது கிலோமீட்டரை எண்பதாக்கினேன். எவ்வளவு சுற்றினாலும் அந்த இடம் வந்துதான் தீர்ந்தது.

தகரச் சுவருக்குள் நசுங்கின வண்டிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. வேனை இறக்கியதும் அவள் சரிவில் தானே உருண்டு தரைக்கு வந்தாள். அத்தான் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தார். கிரேனின் இரும்புக் கை வேனின் கூரைக்குள் இறங்கியது. கண்ணாடிகள் உதிர்ந்தன. அத்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அக்கா கடைசி வரை பார்த்தாள்.

பிறகு என் லாரியைப் பார்த்தாள். கதவு அவள் தலைக்கு மேலே இருந்தது. பலகையைப் போட்டு நகர்கிற உயரமா அது? அத்தான் அவள் முன்னால் மண்டியிட்டு, துணியின் ஓரங்களைக் கால்களுக்கு அடியில் இறுக்கமாகச் செருகினார். மூத்திரப் பையை எடுத்து அவள் மடியில் வைத்தார். பிறகு அவர் அவளை அக்குளுக்கு அடியில் பிடித்தார், நான் கால்களைப் பிடித்தேன். இரண்டு பேரால் அந்த உயரத்துக்கு ஏற்ற முடியவில்லை. பாதியில் நின்றோம்.

கிரேன்காரர் இறங்கி வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நானும் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அக்கா கண்களை மூடிக்கொண்டாள். "பிடிங்க. இனிமே யாரு வேணா பிடிங்க" என்றாள்.

மூன்று பேருமாகச் சேர்ந்து அவளைத் தூக்கி உள்ளே வைத்தோம்.